கறியாகிப் போன விதைச்சீட்டு

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

பாரிஸ் புறநகரான கார்ஜ் ஊரில் தோட்டத் துண்டு வைத்திருக்கும் எட்டுப் பேர் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் விதைச்சீட்டுப் பிடிக்கிறோம். ஆளுக்கொரு பிடி பயற்றங்காய் விதை சேர்த்து, வருடம் ஒருவருக்குக் கொடுப்போம். இம்முறை, விதையே இல்லாத புதியவர் யோகனுக்கு. சேர்ந்ததை என் வீட்டுப் போத்தலில் வைத்திருந்தேன்.

கொடுக்கும் நாளில் என் மனைவி எல்லாருக்கும் சமைத்தாள்.

"அக்கா, பயற்றங்கறி திறம்! எங்கை வாங்கினீங்கள்?" என்றார் யோகன்.

"வாங்கேல்லைத் தம்பி, இவர் போத்தலுக்கை ஒளிச்சு வைச்சிருந்தவர்."

வெறும் போத்தலைக் காட்டினேன்.

"அப்ப நான் என்ரை சீட்டையே சாப்பிட்டனான்?"

அந்நேரம், எங்கள் எட்டுப் பேரில் எப்போதும் பிந்தும் துரை அண்ணை தன் பிடி விதையோடு வந்தார். கூச்சம் மறந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். அதுதான் யோகனின் தோட்டத்தில் முளைத்தது.

இப்போது யாரும் கறிக்கு எடுக்காதபடி விதையைச் சாம்பலில் பிரட்டியே வைக்கிறேன். துரை அண்ணை பிந்தினால் ஏசுவதுமில்லை.

எழுதி முடித்தது: சித்திரை முதல் ஞாயிறு.