நடுவில் விட்ட வெற்று வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எல்லாருடைய பெயர், கதவு எண், கைபேசி எண், வண்டி எண் என்று எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தார். அதை அகரவரிசையில் மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். பெயர் ஒன்றின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். விரல் அப்படியே நின்றுவிட்டது. கைபேசி எண்ணுக்கும் வண்டி எண்ணுக்கும் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒல்லியாக ஒரு வெற்று வரிசை. எதற்கு இது என்று கேட்டேன்.

"பாக்கறதுக்குக் கொஞ்சம் லட்சணமா இருக்கட்டும்னு உட்டு வெச்சேனுங்க" என்றார்.

முதலில் அதை அழித்தேன். அப்புறம்தான் மற்ற வேலை. அவர் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகும் எனக்கு வெகுநேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன். வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

துடியலூரில் அப்போது ஒரு பம்புசெட் கம்பெனி இருந்தது. கேட்டைத் தாண்டினாலே கட்டிங் ஆயிலும் புதுப் பெயிண்டும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தாலும் சட்டையில் மிச்சம் இருக்கும். கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் அந்த வாசனை வராது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்த கம்பெனியில் ஏசி இருந்தது மேனேஜருக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான். கம்ப்யூட்டர் புண்ணியத்தில், அதில் வேலை செய்த எங்கள் இரண்டு பேருக்கும் குளிர்ந்தது.

இன்னொருவர் ரஷீதா. கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார், ஆனால் டைப் அடித்தால் தப்பு வராது. நானோ ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, சான்றிதழை லேமினேட் செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்த ஆள். தொழிலாளியின் டோக்கன் நம்பர் 0047 என்று அடித்தால் முன்னால் இருக்கும் சைபர்களை எக்செல் விழுங்கிவிடும், பம்பு மாடல் 3-5 என்று அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும், அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைக்க வேண்டும். இதையெல்லாம் கம்பெனியில் எல்லாரிடமும் நான் சொல்லித் திரிவேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. என் ஃபைல்களின் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஃபைனல், புது ஃபைனல், இதுதான் ஃபைனல். எது கடைசி என்று எனக்கே தெரியாது. ரஷீதா ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதி போட்டுப் பெயர் வைப்பார். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துத் தன் ஃபிளாப்பியில் போட்டுக்கொள்வார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை கம்பெனியில் ரத்த வகை கண்டுபிடிக்கும் முகாம் நடந்தது. ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை. அத்தனை அட்டைகளையும் ரஷீதா நான்கு நாள் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினார். டோக்கன் நம்பர், பெயர், எந்த செக்‌ஷன், ஃபோன் இருந்தால் ஃபோன், கடைசியில் ரத்த வகை. மேனேஜர் அதை அகரவரிசையில் கேட்டார். அன்று ரஷீதா லீவு. நான் உட்கார்ந்தேன். ரத்த வகை தனியாகத் தெரிய வேண்டும் என்று, அதற்கு முன்னால் ஒரு வெற்று வரிசையைச் செருகினேன். ரத்த வகைக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். அப்புறம் ஒரு பெயரில் சொடுக்கி 'ஏ டு இசட்' பொத்தானை அழுத்தினேன்.

எக்செல்லுக்கு நடுவில் ஒரு வரிசை முழுக்க வெறுமையாக இருந்தால், பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டதாக அர்த்தம். அதனால் பெயரோடு டோக்கனும் செக்‌ஷனும் ஃபோனும் சேர்ந்து நகர்ந்தன. ரத்த வகை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. யார் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது. சேவ் செய்து மூடினேன். மூடிய பிறகு பின்னால் போக வழி கிடையாது. அடுக்குவதற்கு முன் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் ஒன்று போட்டு வைத்திருந்தால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி கொண்டுவந்துவிடலாம். அது இன்றைக்குத் தெரிகிறது.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை பதினொரு மணிக்கு, கனகராஜ் கம்பெனிக்கு ஓடி வந்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டிங் செக்‌ஷன் மல்லிகாவின் கணவர். மினி டெம்போ ஓட்டுபவர். மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு யூனிட்தான் இருக்கிறது என்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். பட்டியலைத் திறந்து ஒரு நிமிடத்தில் ஐந்து பெயர் சொன்னேன். ஐந்து பேரையும் மிஷினிலிருந்து இறக்கி, கம்பெனி வேனில் அனுப்பினோம். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. ஐந்தில் ஒருவர்கூட ஓ நெகட்டிவ் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் பட்டியலை நம்பி ரத்தம் எடுப்பதில்லை, வந்தவரைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். அது ஒன்றுதான் அன்று மல்லிகாவைக் காப்பாற்றியது.

நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனி அட்டையைத்தான் நம்ப முடியும் என்றார் ரஷீதா. பீரோவைத் திறந்து அட்டைக் கட்டுகளை எடுத்துத் தரையில் போட்டு, தானும் உட்கார்ந்து பிரித்தார். நானும் உட்கார்ந்தேன். மல்லிகாவைத் தவிர்த்தால், உண்மையான ஓ நெகட்டிவ்காரர்கள் நான்கு பேர். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரை எழுப்பிக் கூட்டி வந்தேன். மற்ற இருவரும் வேனில் போனார்கள். ரத்தம் ஏறும்போது மணி நான்கு.

மல்லிகா பிழைத்துக்கொண்டார். ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ரத்தத்துக்காகக் காத்திருந்ததால்தான் அப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தப் பட்டியல். கீழே 'தயாரித்தவர் ரஷீதா' என்று இருந்தது.

"ஏனுங் அம்மணி, இத அடிச்சது நீங்கதானுங்களே?"

"அடிச்சது நானுங்க. அட்டையில இருந்ததத்தான் அடிச்சேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு அனுப்புவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். யோசித்துச் சொல்கிறேன், போங்க என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அறைக்கு வந்ததும் ரஷீதா பட்டியலை அட்டைகளோடு வைத்துப் பார்த்தார். ரத்த வகை மட்டும் அட்டைக் கட்டின் வரிசையிலேயே இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"இத ஏ டு இசட் மாத்தினது நீங்களாங்க?"

"ஞாபகமில்லீங்க. ரெண்டு பேருந்தான இந்த மிஷின்ல உக்கார்றோம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். போல்ட், நட்டு, வாஷர் எண்ணி எழுதும் வேலை. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்.

மல்லிகா வேலைக்குத் திரும்பி வந்த அன்று, ஒரு டப்பாவில் லட்டு கொண்டுவந்து முதலில் என்னிடம்தான் நீட்டினார். "நீங்க அன்னைக்கு அப்படி அலையலீன்னா நான் இன்னைக்கு இல்லீங்க" என்றார். நான் அந்த லட்டைச் சாப்பிட்டேன். அதை எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அதுதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்கு, போய் வேலையைப் பாருங்கள் என்றார். தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் போனேன். யாருக்கும் எதுவும் ஆகாது என்று தெரிந்த பிறகு வருவதைத் தைரியம் என்று சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ரஷீதாவைப் பார்த்தேன். கையில் ஒரு குழந்தை. என்னைப் பார்த்ததும் அவரே வந்து பேசினார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அப்போதுதான் சொன்னேன், அது நான்தான் என்று.

"அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "மாத்தறதுக்கு முன்னாடி இருந்த லிஸ்ட்டு என் ஃபிளாப்பியிலயே இருந்துச்சு. காட்டியிருக்கலாம். நீங்களே சொல்லிருவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேனுங்க."

குரலில் கோபம் இல்லை. அவருடைய பஸ் வந்தது. வாரேனுங்க என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. கம்பெனியை மூடினார்கள். நான் பெருந்துறையில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனேன். அட்டைக் கட்டுகளைப் பழைய பேப்பரோடு எடை போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். நின்று மோந்து பார்த்தாலும் ஆயில் வாசனை இல்லை. ஃபிளாப்பி என்றால் என் மகளுக்கு என்னவென்றே தெரியாது. கோட்டைமேட்டில் விசாரித்தேன், அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ரஷீதா காத்திருந்த அந்த ஒரு வாரத்தில் வேலை நாள் ஆறு. ஆறு நாளும் அவர் எனக்கு எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்.