வேணாம் அக்கா

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'வேணாம் அக்கா'. கைபேசிச் செயலிகள் எழுதுவது அவள் வேலை. செயலியை யாரும் செங்கல் செங்கலாகக் கட்டுவதில்லை. கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் பொருத்திய ஆயத்தக் கட்டமைப்பை எடுத்து அதற்குள் தங்கள் வேலையைச் செய்துகொள்வார்கள். அந்தக் கட்டமைப்புக்கோ ஆசை அதிகம். இருக்குமிடம் தெரியட்டுமா, தொடர்பு எண்களைப் பார்க்கட்டுமா, மைக்கைத் திறக்கட்டுமா என்று நச்சரிக்கும். அவள் ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டே "வேணாம்" என்று சொல்லி அடைப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

எழுதியதை முதலில் கணவனின் கைபேசியில்தான் ஏற்றுவாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பொழுது போகாத நேரத்தில் கண்டதையும் தட்டிப் பார்ப்பான்.

ஒரு மனநல மருத்துவருக்காக அவள் எழுதிய செயலியும் அப்படித்தான் வந்தது. நோயாளிகள் மனதில் இருப்பதை எழுதி அனுப்பலாம். 'உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும்' என்று முதல் திரையில் இருந்தது. அவளைச் சீண்டத்தான் அவன், 'மனைவி என்னோடு பேசுவதே இல்லை. பிரிந்துவிடலாமா?' என்று எழுதிவைத்தான்.

மறுநாள் சாப்பிடும்போது கைபேசியை அவள் பக்கம் தள்ளினான்.

"எதைத் திறந்தாலும் விவாகரத்து வக்கீல் விளம்பரமா வருது. ஏதாச்சும் முடிவு பண்ணிட்டியா? முன்னாடியே சொல்லிடு, சட்டையாவது இஸ்திரி போட்டு வெச்சுக்கறேன்."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அந்த ஆப்ல என்ன எழுதினீங்க?"

அன்றிரவே தோண்டிப் பார்த்தாள். கட்டமைப்போடு சேர்ந்தே வந்த, பிழைகளைத் தெரிவிக்கும் ஒரு பகுதி, எழுதுவதையெல்லாம் வெளியே ஒரு விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு அனுமதி கேட்கும் வழக்கமே இல்லை. கேட்டிருந்தால்தானே அவள் வேணாம் என்றிருப்பாள்!

"எல்லா ஆப்லயும் இருக்கறதுதானேம்மா? பேஷன்ட்டுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் முதலாளி.

"தெரியாதுங்கறதுதான் சார் பிரச்சினை. திங்கக்கிழமை இந்த ஆப் எல்லா பேஷன்ட் போனுக்கும் போயிடும்."

"அப்ப தள்ளிப்போகும்னு நீயே டாக்டர்கிட்ட சொல்லு. வேலை கைவிட்டுப் போச்சுன்னா நீதான் பொறுப்பு."

மருத்துவமனைக்கு அவளோடு கணவனும் போனான். "அத்தாட்சியே நான்தான்" என்று வக்கீல் விளம்பரங்களைக் காட்டினான். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என் முன்னாடி ஒருத்தர் அழுதா நான் கைக்குட்டை கொடுப்பேன். கைக்குட்டைக் கடைக்குப் போன் பண்ணமாட்டேன். மெதுவாவே பண்ணிக் கொடும்மா."

அந்த ஒரு பகுதியை உருவியபோது, நூலை இழுத்தால் சட்டைக்கையே கழன்று வருவதுபோல் பாதிச் செயலி கையோடு வந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். பிழை நேர்ந்தால் மட்டும் ஒரு சிறு பெட்டி தோன்றும்: 'ஏதோ தடுமாறிவிட்டது. எங்களிடம் சொல்லலாமா?' கீழே இரண்டே பொத்தான்கள். 'வேண்டாம்' முதலில் இருக்கும்.

சில வருடங்கள் கழித்து அவள் நோயில் இறந்துபோன பிறகு, அவன் அதே மருத்துவரிடம் போகத் தொடங்கினான். கூட்டமில்லாத மதியங்களில், கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செயலியில் எழுதுவான். அவளைப் பற்றித்தான். ஒருநாள் நடுவில் திரை உறைந்து, அந்தப் பெட்டி வந்து நின்றது.

"வேணாம்" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினான். விட்ட இடத்திலிருந்து எழுதினான்.

மாலையில் கைபேசியைத் திறந்தபோது, கண்ணாடி துடைக்கும் துணிக்குத் தள்ளுபடி என்று ஒரு விளம்பரம். அவன் துக்கத்துக்கு எதையும் விற்க யாரும் வந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே கடையைச் சாத்தினான்.