காஹாங் அக்கா தந்த இதயத் துண்டு

கெலாங் பாத்தாவிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில், மனித இதயத் தசையைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அறுவைச் சிகிச்சையில் எப்படியும் வெட்டி எறியப்போகும் தசைத் துண்டை நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி வருவோம். நாலைந்து தலைமுடியை அடுக்கிவைத்த கனத்துக்கு மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊட்டக் கரைசலில் போட்டு, இன்குபேட்டருக்குள் உடல் சூட்டிலேயே வைத்திருப்போம். லேசாக மின்சாரம் கொடுத்தால் சீவல் துடிக்கும். துடிக்கும் வரை அதில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

சொல்லச் சுலபம். முதல் ஒரு வருஷம் எங்களிடம் எந்தச் சீவலும் நான்கு நாளைத் தாண்டவில்லை. அசையாமல் கிடக்கும் வெளிறிய துணுக்குகளைக் காலையில் பார்த்துப் பார்த்து, இன்குபேட்டர் கதவைத் திறக்கவே எனக்குக் கை வராமல் போனது. அப்போது சிங்கப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. போய்விடுவது என்றே முடிவு செய்திருந்தேன். பதில் கடிதம் அனுப்புவதுதான் பாக்கி.

அந்த வாரம் எங்கள் டாக்டர் என்னை ஜொகூர் பாருவில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆய்வுக்கூடத்தின் தலைவி அவர்; சீனப் பெண்மணி. "நோயாளி தமிழர். சம்மதப் படிவத்தை நீ விளக்கிச் சொன்னால்தான் அவருக்குச் சரியாகப் புரியும்," என்றார்.

காஹாங்கிலிருந்து வந்திருந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக் கென்டீனில் சமையல் வேலை. இதயத்தின் நடுச்சுவர் தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பரம்பரையாக வரும் கோளாறு. நாலு படி ஏறினால் கண் இருட்டிவிடும். அந்தத் தடிப்பில் கொஞ்சத்தைச் செதுக்கி எடுக்கப்போகிறார்கள்.

படிவத்தை வரிவரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு வலிக்குமா தங்கச்சி?" என்றார்.

"எதுக்குக்கா?"

"அந்தத் துண்டுக்குத்தான். கரண்டு வைப்போம்னு சொன்னீங்களே."

இப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. "வலி தெரியணும்னா மூளை வேணும்க்கா. வெளிய எடுத்தப்புறம் அதுக்கு ஒன்னும் தெரியாது."

"அப்பன்னா சரி." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "என் தம்பி பந்து விளையாடிக்கிட்டு இருந்தவன், திடல்லயே விழுந்துட்டான். இருபத்தாறு வயசு. இதே வியாதிதான்னு இப்பத்தான் தெரியுது. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்கம்மா. நல்லாப் பாருங்க லா. எனக்கு ஆகாட்டியும் யாருக்காச்சும் ஆகட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் காலையில் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

அறுவைச் சிகிச்சை அன்று ஐஸ் பெட்டியோடு வெளியே காத்திருந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு குளிர்ந்த கரைசலில் வந்தது. ஸ்கூடாய் சாலையில் கொட்டும் மழை. பக்கத்து இருக்கையில் பெட்டிக்கு பெல்ட் போட்டுவிட்டு, அவசரமும் பயமுமாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த முறை இரண்டு விஷயங்களை மாற்றினோம். இதுவரை சீவல்களைக் கிண்ணத்தில் சும்மா கிடக்கவிட்டிருந்தோம். உடம்புக்குள் இதயத் தசை ஒருபோதும் அப்படிக் கிடப்பதில்லை. எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு சீவலின் இரு முனைகளையும் பிடித்து, லேசாக இழுத்துப் பொருத்தினோம். கரைசல் ஓயாமல் அலசிக்கொண்டிருக்க, கிண்ணங்களை மெல்ல ஆடும் மேடைமேல் வைத்தோம். எட்டுச் சீவல்களில் ஆறு மறுநாள் துடித்தன. ஐந்தாம் நாளும் அந்த ஆறு சீவல்களும் துடித்தன. நான் சிங்கப்பூருக்கு எழுதி, இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் ஹரிராயா நோன்புப் பெருநாளின் இரண்டாவது நாளாக அமைந்தது. மலாய் நண்பர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். டாக்டர் பினாங்கில் இருந்தார். கரைசல் மாற்ற நான் மட்டும் வந்திருந்தேன். காலை பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. ஒரு நிமிஷத்தில் ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. போன் செய்து கேட்டால், எங்கோ கேபிளில் கோளாறு, சரியாவதற்கு மதியம் தாண்டிவிடும் என்றார்கள்.

கீழே ஓடினேன். வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். மாமா என்கிற அர்த்தத்தில் நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். மலாயில் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"மேலே அப்படி என்ன இருக்கிறது?" என்றார்.

"இதயம், பாக்சிக். உயிரோடு இருக்கிறது."

"யாருடையது?"

"காஹாங்கில் ஒரு அம்மாவுடையது."

உடனே அவர் தன் வேனை நோக்கி நடந்தார். வார இறுதிகளில் மனைவியோடு பசார் மாலாம் இரவுச் சந்தையில் கெரோப்போக் எனும் மீன் அப்பளம் பொரித்து விற்பவர் அவர். கடை விளக்குக்கான பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேனிலேயே இருந்தன. மூன்று மாடியும் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். துடிப்புக் கொடுக்கும் கருவிக்கு அது போதுமானதாக இருந்தது. இன்குபேட்டருக்கும் ஆட்டும் மேடைக்கும் போதவில்லை.

ஐஸ் பெட்டியைக் காலி செய்தேன். பாக்சிக்கின் ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைப் பாட்டில்களில் விளாவி, பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் கிண்ணங்களை வைத்து, ஒயர்கள் வெளியே வருமாறு மூடினோம். உள்ளே வைத்த தெர்மாமீட்டர் முப்பத்தேழைக் காட்டியது. ஆட்டுவதற்குக் கைதான் இருந்தது.

பெட்டியின் ஒரு பக்கத்தைச் சிறிது தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, மாற்றி மாற்றி ஆட்டினோம். பாட்டில் ஆறினால் ஒருவர் ஆட்ட, மற்றவர் பேன்ட்ரி கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து வருவோம். பன்னிரண்டு மணிக்கு அவர் வேலை நேரம் முடிந்தது. மாற்று ஜாகா வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். பாக்சிக் வீட்டில் பெருநாள் விருந்து என்று எனக்குத் தெரியும்.

"வீட்டுக்குப் போங்கள் பாக்சிக், நான் சமாளித்துக்கொள்வேன்," என்றேன்.

"அசையாமல் நிற்பதற்கே ராணுவத்தில் சம்பளம் வாங்கினவன் நான். இதில் அசையவாவது முடிகிறதே," என்று சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு, விருந்தாளிகளைச் சாப்பிடச் சொல்லுமாறு சொல்லிவிட்டுக் கையை மாற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது. கிண்ணங்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நின்றுபோயிருந்தது. மற்ற ஐந்தும் துடித்துக்கொண்டிருந்தன. பாக்சிக்கையும் பார்க்கச் சொன்னேன். நீண்ட நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நான் பேப்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்தும் ஆறு வாரம் தாண்டின. அந்தத் தடித்த தசையின் அளவுக்கு மீறிய முறுக்கை ஒரு மருந்து கொஞ்சம் தணிப்பதைப் பார்த்தோம். "ஒரே ஒருவரின் தசை இது. பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது," என்றார் டாக்டர். "ஆனால் இனிமேல் நாம் கேள்வி கேட்கலாம்." சிங்கப்பூர் வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

மறுபரிசோதனைக்கு வந்த அக்கா, மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "என் துண்டு எப்படி இருக்கு?"

டாக்டர் முறைப்படி அனுமதி வாங்கித் தந்தார். என் காரிலேயே அழைத்து வந்தேன். திரையில் அந்தச் சீவல் சுருங்கி விரிவதைக் கண்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அலமாக்! இது என்னைவிடச் சுறுசுறுப்பா இருக்கே."

சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: "எத்தன நாளைக்கு இப்படி இருக்கும்?"

மறைக்க மனம் வரவில்லை. "அடுத்த வாரம் நிறுத்திடுவோம்க்கா. நிறுத்தினாத்தான் உள்ள என்ன ஆகியிருக்குன்னு பாக்க முடியும்."

திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தலையாட்டினார். "வேலை செஞ்சிட்டுத்தானே போவுது. போதும்மா. ரொம்ப நன்றி."

நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். ஹரிராயா அன்று நடந்ததை மட்டும் சொன்னேன். உடனே அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

வாசலில் பாக்சிக் முன்னால் நின்று, கையை நெஞ்சில் வைத்து, "தெரிமா காசே, பாங்," என்று அண்ணனுக்கு மலாயில் நன்றி சொன்னார் அக்கா. அவரும் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். அப்புறம் இருவரும் கெரோப்போக் பொரிக்க எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர்கள் இல்லையா! லார்க்கின் பஸ் நிலையத்தில் அக்கா ஊர்ப் பக்கம் போகும் குளுவாங் பஸ்ஸைப் பிடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைக் கிளப்ப மனமில்லாமல் நின்றிருந்தேன்.