கொலுவில் ஒரு ஈக்வடார் ராஜா

எண்பதுகளில் சான்டா கிளாராவில் எங்கள் வீட்டுக் கொலு, கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிகளின் மேல்தான். பட்டுப்புடவையை விரித்துவிட்டால் ஐந்து படி தயார். பொம்மைகளுக்குத்தான் பஞ்சம். நம் ஊரிலிருந்து வரும்போது ஒரு சூட்கேஸில் எத்தனையைத் திணிக்க முடியும்?

என்னோடு வேலை பார்த்த ஈக்வடார்காரி இதைக் கேட்டுவிட்டு, ஊருக்குப் போனபோது ஒரு மண்பொம்மை வாங்கிவந்து கொடுத்தாள். அவர்கள் கடற்கரையில் மண்ணுக்கடியில் கிடைக்கும் மிகப் பழைய பொம்மைகளைப் பார்த்துச் செய்த நகல். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள். மூக்கில் வளையம், காதில் தட்டுத் தட்டாய்த் தோடு, கழுத்து கொள்ளாத மணிகள், தலையில் கனத்த கிரீடம். அந்தக் காலத்தில் இப்படி ஆசனத்தில் உட்காருவது பெரிய தலைவர்கள்தான் என்றாள். அப்புறம் என்ன யோசனை? மூன்றாம் படியில் ராஜா ராணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவளையும் அழைத்திருந்தேன். அங்கிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் நாட்டாமையாக இருந்த ஆன்ட்டி, பாயில் உட்காரும் முன்பே பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன பூதம்? ராஜா பக்கத்துல போய் மிக்ஸ் பண்ணி வச்சிருக்க! எடுத்துக் கடைசிப் படியில வை. இல்ல, கராஜ்ல போடு."

மூக்குத்தி போட்ட ஆன்ட்டிக்கு மூக்கு வளையம் போட்டவர் பூதமாம்! தோழிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீட்டிய விரலைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வச்ச பொம்மைய நவராத்திரி முடியற வரைக்கும் நகர்த்தக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, ஆன்ட்டி?"

"அது நம்ம பொம்மைக்கு."

"இவரும் ராஜாதான். அவங்க ஊர் ராஜா."

"அடுத்த வருஷமும் இது இருந்தா நாங்க யாரும் வர மாட்டோம், பாத்துக்கோ."

தமிழில் வாய்விட்டுப் பேச அவர்களை விட்டால் எனக்கு அங்கே யார்? ஆனாலும் என் வீட்டுக்கு வந்தவளை என் கண்ணெதிரில் மட்டம் தட்ட நான் விடுவதாக இல்லை. முதல் மஞ்சள் குங்குமத்தை அவளுக்கே கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நவராத்திரிக்குச் சொன்னபடியே யாரும் வரவில்லை. நானும் ஈக்வடார் ராஜாவை நம் ராஜா ராணிக்கு ஒரு படி மேலேயே வைத்திருந்தேன். பாத்திரம் நிறையச் செய்த சுண்டலைத் தோழியும் நானுமே உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.