நிலாவுக்கு நின்ற வரிசை

அறுபதுகளில், சாரல் விட்டிருந்த ஒரு மாலை. குற்றாலத்துக்கு வந்தவர்களுக்கு வளர்பிறை நிலாவைக் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம். தொலைநோக்கி எங்கள் கல்லூரியுடையது. மேசை, பெஞ்சு எல்லாம் தென்காசி நூலகம் தந்தவை. பஞ்சாயத்து தெருவிளக்கை அணைத்துக் கொடுத்தது. கூட்டத்தை அடக்கத்தான் ஆளில்லை. காவல் நிலையத்தில் கேட்டதற்கு, அருவிக்கரையில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டையாவை அனுப்பிவைத்தார்கள்.

முறுக்கு மீசை, நனைந்து நனைந்து வெளுத்த காக்கி, வாயை விட்டு இறங்காத விசில். அருவியில் குளிப்பவர்களை நகர்த்துவது போலவே இங்கேயும் நகர்த்தினார். ஒருவர் குனிந்து ‘ஆகா’ என்பதற்குள் விசில் அலறும்.

“பாத்தது போதும்லே, நகரு! ஏலே, எண்ணெய் மூஞ்சியத் தொடச்சிட்டு வா, கண்ணாடில ஒட்டும்!”

திடீரென்று நிலாவை மேகம் மூடியது. வரிசை முண்டியது. தொலைநோக்கியே சாய்ந்துவிடும் போலிருந்தது. அவர் அசரவில்லை. அருவியில் வெள்ளம் வந்தால் செய்வதுபோல் குறுக்கே கயிற்றைக் கட்டினார்.

“அப்படியே நில்லுங்க. வடிஞ்சதும் விடுதேன்.”

அத்தனை பேரும் நின்றார்கள். மேகமும் வடிந்தது.

கூட்டம் கலைந்ததும், “நீங்க பாக்கலையே ஏட்டையா” என்றேன்.

“வேண்டாம் சார். அருவியிலயே நான் இன்னும் தலைய நனைச்சதில்ல.”

“ஏன்?”

“நான் உள்ள போயிட்டா, போதும்னு என்னைய வெளிய இழுக்க யாரு இருக்கா?”

விசிலை என்னிடம் கொடுங்கள் என்றேன். தயங்கித் தந்துவிட்டுக் குனிந்தார்.

நிலா மலைக்குப் பின்னால் இறங்கும்வரை நான் அதை ஊதவில்லை.