ஏரி நிரம்புகிற வரைக்கும்

மாலத்தீவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் ஊர் மானாம்பதியில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஜோடி ஜோடியாகத் தேனிலவு போகிற இடமாம். மகன் காலேஜ் போகிற வயதில், புருஷனை விட்டுவிட்டுத் தனியாகத் தேனிலவு போகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் போனது கணக்கு டீச்சராக. தொடர்ந்து சில வருஷம் எங்கள் ஏரி நிரம்பவில்லை, நெல் வைக்க வழியில்லை. இங்கே தனியார் பள்ளியில் கொடுத்த சம்பளம் பஸ்ஸுக்கும் பாலுக்குமே சரியாகப் போனது.

"ஏரி ரொம்பற வரிக்கும் போயிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான்.

போய் இறங்கிய தீவில் வயல் இல்லை, மாடு இல்லை, விடிந்ததும் தட்டில் சூரை மீன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கையில் இருக்கும் டீ ஆறாது. அழகான இடம்தான், யார் இல்லையென்றது? அழகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். வீட்டுக்குப் போன் செய்தால் உப்புக் குழி என்றுதான் அந்தத் தீவைச் சொல்வேன்.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மழையே இல்லை, கடல் பொங்கித் தெருவுக்குள் ஏறியிருந்தது. எனக்கு வந்ததோ சந்தோஷம். எங்கள் ஊரில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக வழிந்தால் ஊரே போய் நின்று பார்க்கும். பூப் போடும், கற்பூரம் கொளுத்தும். அந்தப் புத்தி எங்கே போகும்? சுடிதாரைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இளித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டுப் பெண் தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள்.

"சிரிக்கிறாயா? உப்பு ஏறி என் கிணறு போகிறது!" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினாள்.

அப்போதுதான் பார்த்தேன். தெரு முழுக்க ஆட்கள் சாமான்களை உயரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு அவள் வீட்டுக்குள் போய் அரிசி மூட்டையைப் பிடித்தேன். பிறகு இருவரும் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தோம். மத்தியானத்துக்கு மேல் கடல் பின்வாங்கியது.

சாயங்காலம் கரையில், இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய நாற்காலிகளில், இடுப்பு ஒடிந்து உட்கார்ந்திருந்தோம். அவள் பால் விடாத கட்டாஞ்சாயா ஊற்றிக் கொடுத்தாள். கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி படுத்திருந்தது.

"மறுபடியும் வருமா?" என்று கேட்டேன்.

"வரும்."

"அப்போது எங்கே போவாய்?"

"எங்கே போவது? இதுதானே ஊர்."

மானாம்பதி காணாமல் போய்விடும் என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. அந்தத் துளியூண்டு மண்ணுக்காகப் பயந்தேன். அந்தப் பயம்தான் ஆசை என்று புரியச் சில நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு காலையில் பெண்கள் மணல் தெருவைப் பெருக்குகிற சத்தம் கேட்காவிட்டால் எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது. இந்த வயதில் ஒரு ஊர் மேல் இப்படிக் கிறுக்குப் பிடிக்குமா? பிடித்துவிட்டது. என்ன செய்ய?

இந்த லீவுக்கு நான் ஊருக்கு வந்த நேரம், மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. வீட்டுக்காரர் தினமும் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்து, தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று குழந்தை மாதிரி சொல்வார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, மழை போதும், விட்டுவிடட்டும் என்று நினைத்தேன். விவசாயி பெண்டாட்டி நினைக்கிற நினைப்பா இது? சோறு தின்கிற வாயால் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏரி நிரம்பிவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார வைத்து என்னைக் கலங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரே அங்கேதான் நின்றது. தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது.

"பாத்தியா, எப்பிடிப் போய்க்கினு கீது! இனிமே இன்னா, ரெண்டு போகம் தாராளமா வெக்கலாம். நீ அங்கப் போயி பேஜார் பட வாணாம். வூட்ல இரு" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்?

போனை எடுத்து, தண்ணீரை வீடியோ பிடித்துத் தீவில் இருக்கும் எதிர்வீட்டுக்காரிக்கு அனுப்பினேன். உடனே அவள் குரலில் பதில் வந்தது. பதறிப்போயிருந்தாள். "ஐயோ, உன் ஊருக்குள்ளும் வந்துவிட்டதா? சாமான்களை மேலே ஏற்று. கிணற்றை மூடு. அங்கே இருக்காதே, இங்கே வந்துவிடு!"

"யாரு? இன்னா சொல்றாங்க?" என்றார் வீட்டுக்காரர், அவள் இங்கிலீஷ் புரியாமல்.

"தண்ணி வந்துடுச்சானு கேக்கறாங்க."

அவர் சிரித்தார். "வந்துடுச்சினு சொல்லு. இனிமே நீ வர மாட்டேன்றதையும் சேத்து சொல்லிடு."

பேசுவதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விரலை எடுத்தேன். கலங்கல் சத்தம் மட்டும் அவளுக்குப் போயிற்று.