சூடு குறைந்த பிராசசர்

கடைக்காரர் மூன்று சின்னப் பெட்டிகளை மேசைமேல் எடுத்துவைத்து, எது எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொண்டே போனார். கம்ப்யூட்டருக்கு விலை குறைந்த பிராசசர் வேண்டும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, "இதுல எதுண்ணே சூடு கம்மி?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் யாரும் இதை முதலில் கேட்பதில்லை போல.

"எல்லாமே சூடாகத்தாம்மா செய்யும். தொண்ணூறு டிகிரிய தாண்டியும் தாங்கும். சாஸ்தியாச்சுன்னா அதுவே அணைஞ்சுரும். பயப்பட ஒண்ணுமில்ல."

தொண்ணூறு என்றதும் நான் மேசையைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். கூட வந்திருந்த மதினி, என் அண்ணன் மனைவி, முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

எங்கள் வீடு நாரணாபுரத்தில். ஒரு காலத்தில் நானும் மதினியும் ஒரே ஆபிஸுக்குத்தான் வேலைக்குப் போனோம். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆபிஸ் என்றுதான் சொல்வோம். ஒரு மத்தியானம் என் பக்கத்து அறை பற்றிக்கொண்டது. ஓடித் தப்பினேன், இடது கையில் மட்டும் தீ பட்டது. தள்ளி பேக்கிங்கில் இருந்த மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபிஸை மறுபடி திறந்ததும் அவள் வேலைக்குப் போய்விட்டாள். நானும் போனேன். கேட்டுக்கு உள்ளே கால் வைக்க முடியவில்லை. அப்புறம் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்து, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டேன். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொடுக்கலாம் என்று அங்கே சொன்னதால்தான் இந்தக் கடைக்கு வந்தோம்.

முதல் பெட்டியில் இருந்தது பழையது, யாரோ பயன்படுத்திக் கொடுத்தது. விலை ரொம்பக் குறைவு, ஆனால் கரண்ட்டும் அதிகம் இழுக்கும், சூடும் அதிகம். இரண்டாவது நல்ல வேகம். ஆனால் திரையில் படம் வரவேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு போடவேண்டும். அந்தக் கார்டும் சூடாகுமா என்று கேட்டேன். இதைவிடச் சூடாகும் என்றார். மூன்றாவது கொஞ்சம் மெதுவானது. கார்டு தேவையில்லை, கரண்ட்டும் குறைவு.

"மூணாவதே குடுங்க."

"டிசைன் வேலைக்கு ரெண்டாவதுதாம்மா நல்லாருக்கும்."

"மூணாவதே போதும்ணே."

அதோடு வரும் ஃபேனே போதும் என்று அவர் சொல்லியும் கேட்காமல், அதைவிடப் பெரிய ஃபேன் ஒன்றையும் வாங்கினேன். திரை, கேபினட் எல்லாம் அங்கேயே எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் மாட்டித்தர நாளாகும், வீடியோ பார்த்து நீங்களே மாட்டிக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

மதினிக்கு லீவு நாள் வரும்வரை பெட்டிகளை நான் பிரிக்கவே இல்லை. அன்று காலை பருத்திச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வேலை தொடங்கும் முன் ஏதாவது உலோகத்தைத் தொடுங்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்றான் வீடியோவில் பேசியவன். ஆபிஸில் அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று இருக்கும். மருந்தில் பொறி பட்டுவிடக் கூடாது என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்த ஞாபகம் வந்ததும் வீடியோவை நிறுத்தினேன். ஃபோனை மதினியிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தேன்.

பிராசசரை அதன் குழியில் இறக்கிக் கம்பியை அழுத்தியபோது நறநறவென்று ஒரு சத்தம். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அப்டித்தான் சத்தம் வருமாம் புள்ள. இவனும் சொல்றான் பாரு," என்றாள் மதினி.

மேலே சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, பெரிய ஃபேனைப் பொருத்தி, ஒயர்களைச் செருகி முடித்தேன். சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. மதினிதான் போட்டாள். திரையில் எழுத்து வந்ததும் அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபேனின் சத்தம் ஏறத் தொடங்கியது. முதலில் காற்றுச் சத்தம்தான். அப்புறம் சன்னமாக, கூர்மையாக, மேலே மேலே போனது. எது இப்படிச் சீறிக்கொண்டு மேலே ஏறும், ஏறி முடிந்ததும் என்ன ஆகும் என்பது என் உடம்புக்குத் தெரியும். மதினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். செருப்பில்லை, துப்பட்டா இல்லை.

எங்கள் தெருவில் யாராவது இப்படி ஓடிவந்தால் மற்றவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, ஆபிஸ்கள் இருக்கும் பக்கமாகப் புகை தெரிகிறதா என்று அண்ணாந்தாள்.

"எங்கன புள்ள? எந்த ஆபிஸு?"

"எங்கனயும் இல்லக்கா, வீட்டுல கம்ப்யூட்டரு," என்றாள் மதினி. பிறகு தன் கையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"போகாதீக மதினி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போகாதீக."

அவள் உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை எதிர்வீட்டு அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுவா அணைஞ்சு கெடக்கு. மெயினையும் ஆஃப் பண்ணிட்டேன்," என்றாள் மதினி, வாசலில் நின்று.

அதற்கப்புறம் நான் அதன் பக்கமே போகவில்லை. சமையல்கட்டுக்குப் போவதற்குக்கூடச் சுவரை ஒட்டியே நடந்தேன். மதினிதான் கடைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தனியா வாங்கின ஃபேனுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டிருக்குமே, உரிச்சீங்களா?" என்றார் கடைக்காரர்.

நான் உரிக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. சூட்டுக்குப் பயந்து வாங்கிய ஃபேன், சூட்டை இறங்கவிடாமல் பிராசசர்மேல் உட்கார்ந்திருக்கிறது. மதினி என்னைப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஃபேனைக் கழற்றிப் பார்த்தபோது தாள் சுருங்கிப் பசையோடு ஒட்டிக் கிடந்தது. அதை உரித்து, துடைத்து, மறுபடி பசை தடவிப் பொருத்தினேன். மதினி பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தமுறை ஃபேன் சத்தமே தெரியாமல் சுற்றியது. பிராசசருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இப்போது தீபாவளி சீசனுக்கு லேபிள் வேலை நிறைய வருகிறது. புஸ்வாணப் பெட்டிக்கு, சாட்டைப் பெட்டிக்கு என்று நாளெல்லாம் வரைகிறேன். மதினி வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் நான் மட்டும்தான். கம்ப்யூட்டர் மேசையை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறேன், எழுந்தால் ஒரே எட்டில் தெருவுக்குப் போய்விடலாம். வெயில் திரையில் அடிக்கிறது, ஜன்னல் பக்கம் நகர்த்து என்று மதினி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நகர்த்தலாம் என்றுதான் நானும் சொல்கிறேன்.